நெல், மீன், மண்ணெண்ணெய், கச்சான்: வன்னியில் விலை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சிப் பக்கம் உயர்தர வகுப்புகளுக்குப் பொருளியல் படிப்பிக்கிறேன். பிள்ளைகள் வகுப்பில் கேட்கிற சந்தேகமும், அவர்களைக் கூட்டிப்போக வரும் தாய் தகப்பன் படலையில் நின்று கேட்கிற சந்தேகமும் பெரும்பாலும் ஒன்றுதான். பிள்ளை வரைபடத்தை வைத்துக் கேட்கும், தகப்பன் தன் வயலை வைத்துக் கேட்பார். இரண்டு பேருக்கும் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் வாய்ப்படியே இருக்கின்றன.

நெல்லுக்கு விலை வைக்கிறது ஆர் சேர்? கமக்காரனா, முதலாளியா, அரசாங்கமா?

மூவரில் எவரும் தனியே வைப்பதில்லை. ஒரு விலையில் எவ்வளவு வாங்க ஆட்கள் தயார் என்பது கேள்வி. அதே விலையில் எவ்வளவு விற்க வருகிறது என்பது நிரம்பல். இரண்டும் பொருந்துகிற இடத்தில் விலை நிற்கும். இதில் எது முக்கியம் என்று கேட்டவர்களுக்கு பொருளியலாளர் அல்பிரட் மார்ஷல் 1890 இல் சொன்ன பதில் இன்றைக்கும் சரி: கத்தரிக்கோலின் எந்த அலகு கடதாசியை வெட்டுகிறது என்று கேட்பதைப் போன்றது அது.

ஆனால் வகுப்பில் வரைபடம் கீறி முடித்த பிறகு நான் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்வேன். விலை பேசும் இடத்தில் நிற்கிற இரண்டு பேரில் ஆருக்கு வேறு வழி இருக்கிறது என்று பாருங்கள். இன்றைக்கு விற்காமல் நாளைக்கு விற்கலாமா? இவரிடம் விற்காமல் அடுத்தவரிடம் போகலாமா? வழி இருப்பவர் பக்கம்தான் விலை சாயும். கீழே வரும் பல பதில்களில் இதற்கே திரும்பி வருவோம்.

அருவி வெட்டு நேரத்தில மட்டும் ஏன் விலை விழுது? ரெண்டு மாசம் கழிச்சு அதே நெல்லு ஏறுதே!

காலபோக நெல் எல்லாம் சில வாரங்களுக்குள் ஒன்றாகச் சந்தைக்கு வருகிறது. சாப்பிடுகிறவர்கள் அந்தச் சில வாரத்துக்காகக் கூடுதலாகச் சாப்பிடப் போவதில்லை. வாங்கி வைத்திருக்கக் களஞ்சியமும் காசும் உள்ளவர்கள்தான் அந்த நேரத்தில் கூடுதலாக வாங்க முடியும். அப்படிப்பட்டவர்கள் சிலர்தான்.

முந்திக் கையால் வெட்டி, கதிரைக் குவித்துச் சூடு வைத்து, ஆள் கிடைக்கும் நேரத்தில் சூடடிப்பார்கள். நெல் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். இப்போது இயந்திரம் ஒரு வயலை ஒரே நாளில் முடித்துப் பச்சை நெல்லாகக் கொட்டிவிட்டுப் போகிறது. வேலை மிச்சம், மழைக்கும் தப்பலாம், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஈர நெல்லை மூட்டையில் கட்டி வைத்தால் சூடேறிப் பழுதாகும். அரசாங்கத்துக்காக நெல் வாங்கும் நெல் சந்தைப்படுத்தல் சபை எடுப்பது 14 வீத ஈரப்பதத்துக்கு உலர்ந்த நெல்லை. வயலில் இருந்து நேரே வரும் நெல்லில் 20 வீதத்துக்கு மேல் ஈரம் இருப்பது சாதாரணம்.

ஆகவே காயவிட இடம் இல்லாதவருக்குச் சபையின் கதவும் பூட்டு, நாளைக்கு விற்கும் வழியும் பூட்டு. மிஞ்சுவது வயல் வரம்பில் லொறியோடு நிற்பவர் மட்டும். மாசி மாதத்தில் தார் றோட்டின் ஒரு கரை முழுக்க நெல் பரவிக் கிடப்பதையும், மேகம் கறுத்தால் வீட்டில் உள்ள அத்தனை பேரும் படங்கைத் தூக்கிக்கொண்டு ஓடுவதையும் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். அந்தத் தார் றோட்டு ஒரு கிலோவுக்குப் பல ரூபா பெறுமதியான வேலையைச் செய்கிறது.

நல்ல விளைச்சல் வந்த வருசம்தான் கையில காசு குறையுது. இது எப்பிடி?

அரிசிக்கான கேள்வி நெகிழ்ச்சி குறைந்தது, அதாவது விலை மாறினாலும் வாங்கும் அளவு பெரிதாக மாறாது. விலை இறங்கியது என்பதற்காக ஒரு குடும்பம் நாலு வேளை சோறு சாப்பிடாது. அதனால் கொஞ்சம் கூடுதலாக வந்த நெல்லை விற்றுத் தீர்க்க விலை நிறைய இறங்க வேண்டியிருக்கிறது. விளைச்சல் 10 வீதம் கூடி, விலை 20 வீதம் விழுந்தது என்று வையுங்கள். முன்பு 100 மூட்டையை 100 ரூபாப்படி விற்றால் 10,000. இப்போது 110 மூட்டை, 80 ரூபா. 8,800 தான்.

இதில் பிள்ளைகள் தடுமாறும் இடம் ஒன்று இருக்கிறது. உங்கள் வயலில் மட்டும் விளைச்சல் கூடினால் உங்களுக்கு இலாபம்தான், ஏனெனில் உங்கள் மூட்டைகள் நாட்டு விலையை அசைக்காது. எல்லார் வயலிலும் கூடினால்தான் இந்தக் கணக்கு. எனவே ஒவ்வொருவரும் விளைச்சலைக் கூட்டப் பார்ப்பதும் சரி, எல்லாரும் கூட்டியபின் எல்லாரும் தலையில் கைவைப்பதும் நடக்கத்தான் செய்யும்.

சொந்தக் காணி, வீட்டு ஆக்களே வேலை. உரக் காசும் உழவுக் காசும்தானே செலவு?

இல்லை. அந்தக் காணியைக் குத்தகைக்கு விட்டிருந்தால் வந்திருக்கும் காசு, நீங்களும் மகனும் வேறு வேலைக்குப் போயிருந்தால் கிடைத்திருக்கும் கூலி, இரண்டும் செலவுதான். அமையச் செலவு என்று புத்தகத்தில் படிப்பது இதைத்தான். கையை விட்டுக் காசு போகாததால் கண்ணுக்குத் தெரிவதில்லை.

இதைச் சேர்த்துப் பார்த்தால் “இலாபம்” என்று நினைத்த பல போகங்கள் வெறும் கூலிக் கணக்காக முடியும். அதற்காக வயலை விடச் சொல்லவில்லை. சொந்த நெல் வீட்டில் இருக்கிற நிம்மதிக்கும் ஒரு பெறுமதி உண்டு, அதைத் தெரிந்துகொண்டு தெரிவு செய்வது உங்கள் உரிமை. ஆனால் வீட்டுப் பெண்களின் நாற்றுநடுகையையும் களைபிடுங்கலையும் கணக்கில் பூச்சியமாக எழுதுவதை மட்டும் நான் ஏற்கமாட்டேன்.

போன் கடை எல்லாம் ஏன் ஒரே வரிசையில இருக்கு? தள்ளிப் போட்டா போட்டி இல்லையே?

தள்ளிப்போட்டால் ஆளும் வராது. நாலு கடை சேர்ந்திருந்தால் “அங்கே போனால் எப்படியும் கிடைக்கும்” என்று சனம் வரும். 1929 இல் ஹரோல்ட் ஹோட்டலிங் இன்னொரு காரணமும் காட்டினார்: ஒரே தெருவில் இரண்டு கடைக்காரர்கள் மற்றவரின் வாடிக்கையாளரையும் இழுக்கப் பார்த்தால் இருவரும் நடுவை நோக்கி நகர்ந்து பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்பார்கள்.

சுப்பர் மார்க்கட் வந்தா எங்கட ஊர்க் கடை படுத்திடுமா?

பொதிசெய்த சாமானில் அவர்களோடு விலைக்கு நின்று பிடிப்பது கஷ்டம். ஆனால் ஊர்க் கடை விற்கும் சரக்கு வெறும் சீனியும் பருப்பும் இல்லை. கடன் கொப்பி, 50 கிராம் தேயிலை, இரவு எட்டரைக்குக் கதவைத் தட்டினால் திறப்பது எல்லாமே அந்தச் சரக்கில் சேர்த்தி. மாதக் கடைசியில் கையில் காசில்லாத வீட்டுக்குச் சுப்பர் மார்க்கட்டின் மலிவு விலை உதவாது. அந்த வீட்டுக்கு வேண்டிய பொருள் கடன்.

மண்ணெண்ணெய் 4 மடங்கு ஏறிச்சு. மீன் விலை ஏன் 4 மடங்கு ஏறேல்ல?

முல்லைத்தீவில் கடற்றொழில் செய்யும் வீட்டுப் பிள்ளை ஒருத்தி கேட்டது. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே தடவையில் போனது. வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய சின்னப் படகுகள் ஓடுவது மண்ணெண்ணெயில்தான். ஆகவே கேள்வி நியாயமானது.

கரைக்கு வந்துவிட்ட மீனுக்கு எரித்த மண்ணெண்ணெயின் செலவு விலை பேசாது. அந்தக் காசு கடலோடு போய்விட்டது. கையில் இருப்பது சில மணி நேரத்தில் பழுதாகும் மீன். ஏலத்தில் நிற்பவர் உங்கள் செலவைக் கேட்கமாட்டார், மற்ற வாடிகளில் எவ்வளவு மீன் வந்திருக்கிறது என்றே பார்ப்பார்.

செலவு வேலை செய்வது அடுத்த நாள் விடியப்புறம். “இன்றைக்குப் போனால் எண்ணெய்க் காசாவது வருமா?” என்று கணக்குப் பார்த்து, வராது என்றால் படகு கரையில் நிற்கும். பல படகுகள் நின்றால் வரும் மீன் குறையும், அதன் பிறகே விலை ஏறும். அதுவும் வாங்குபவர் தாங்குகிற அளவுக்குத்தான், ஏனெனில் அவர்கள் முட்டைக்கோ பருப்புக்கோ மாறிவிடுவார்கள். மிச்சச் சுமை தொழிலாளியின் தலையில். இறால், நண்டு போல வெளிநாட்டுச் சந்தை உள்ளவற்றின் கணக்கு வேறு.

கையில போன் இருக்கிறதால விலையில ஏதும் வித்தியாசம் வருமா?

வரும், அளந்தும் பார்த்திருக்கிறார்கள். வட கேரளக் கரையில் 1997 க்கும் 2001 க்கும் இடையில் கைத்தொலைபேசிச் சேவை படிப்படியாக வந்தது. அதற்கு முன் ஒரு கரையில் வாங்க ஆளில்லாமல் மீனைக் கொட்ட, சில மைல் தள்ளி மற்றக் கரையில் மீனில்லாமல் வாங்க வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். சேவை வந்தபின் படகுகள் கடலில் நின்றே விலை கேட்டுக் கரையைத் தெரிவு செய்தன. ரொபேர்ட் ஜென்சன் 2007 இல் வெளியிட்ட ஆய்வின்படி, தொழிலாளரின் இலாபம் சராசரியாக 8 வீதம் கூடியது, வாங்குபவர் கொடுத்த விலை 4 வீதம் குறைந்தது, மீன் வீணாவது ஏறத்தாழ இல்லாமல் போனது.

இரண்டு பக்கமும் நன்மை அடைந்ததைக் கவனியுங்கள். ஆனால் தொலைபேசி இருந்தும் இன்னாரிடம்தான் மீனைக் கொடுக்க வேண்டும் என்ற கட்டு இருந்தால் பலனில்லை. அதைப் பிறகு வரும் கடன் கேள்வியில் பார்ப்போம்.

பாதை பூட்டியிருந்த காலத்தில வவுனியாவில ஒரு விலை, இஞ்ச ஒரு விலை. அது கள்ள வியாபாரிகளால மட்டும்தானா?

அவர்களால் மட்டும் இல்லை. இரண்டு சந்தைகளுக்கு இடையில் விலை வித்தியாசம், ஒன்றிலிருந்து மற்றதற்குச் சாமானைக் கொண்டுவரும் செலவளவுக்கு நிற்கும். அதைவிடக் கூடினால் ஆராவது ஏற்றிக்கொண்டு வந்து வித்தியாசத்தைக் குறைத்துவிடுவார்கள். 1990 களில், போர்க்காலத்தில், வன்னிக்கு அரசாங்கம் போட்ட பொருளாதாரத் தடையில் எரிபொருள், சவர்க்காரம், பற்றரி, சீமெந்து என்று பலவும் தடுக்கப்பட்டன, அல்லது மட்டுப்படுத்தப்பட்டன. கொண்டுவரும் செலவில் ஆபத்தும், அனுமதியும், காத்திருப்பும் சேர்ந்தன. கொண்டுவரக் கூடியவர்கள் சிலராகக் குறைந்ததால் போட்டியும் இல்லை.

விலை ஏறும்போது சனம் என்ன செய்யும் என்பதற்கும் அந்தக் காலமே பாடம். ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்துச் சொட்டு எண்ணெயில் விளக்கு எரித்தார்கள். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டார்கள். பெற்றோலுக்கு ஓடவேண்டிய மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓடவைத்தார்கள். பிரதியீட்டுப் பொருள் என்றால் என்ன என்று கேட்கும் பிள்ளைகளை வீட்டில் அம்மம்மாவிடம் கேட்கச் சொல்லி அனுப்புவேன்.

2002 இல் கண்டி–யாழ்ப்பாண நெடுஞ்சாலையான ஏ9 திறந்ததும் சாமான் விலை இறங்கியது. தட்டுப்பாட்டை நம்பி நடந்த சில உள்ளூர்த் தொழில்களுக்குப் போட்டியும் வந்தது. 2006 ஆகஸ்டில் பாதை திரும்பப் பூட்டப்பட்டபோது அத்தனையும் தலைகீழானது.

உத்தரவாத விலை இருக்கெண்டு ரேடியோவில சொல்லுறாங்கள். எனக்கு ஏன் அந்த விலை கிடைக்கேல்ல?

2025 பெப்ரவரியில் அரசாங்கம் அறிவித்த விலை: கிலோவுக்கு நாடு நெல் 120 ரூபா, சம்பா 125, கீரிச் சம்பா 132. அறிவிப்பு மட்டும் சந்தையை நகர்த்தாது. அந்த விலையில் வருகிற நெல் முழுவதையும் வாங்க ஆள் நின்றால்தான் அது தரை விலையாக நிற்கும். சபையின் கொள்வனவு நாட்டின் மொத்த நெல்லில் சிறு பங்கு. களஞ்சியம் நிரம்பினால், காசு முடிந்தால், திறக்கப் பிந்தினால், சந்தை தன் விலைக்குப் போய்விடும். ஈரப்பதச் சிக்கலை ஏற்கனவே சொல்லிவிட்டேன்.

இருந்தாலும் பலன் பூச்சியம் இல்லை. சபைக்குக் கொண்டுபோகக் கூடிய உலர்ந்த நெல்லை வைத்திருப்பவர் தனியாரிடமும் நிமிர்ந்து பேசலாம். உண்மையில் விற்காவிட்டாலும், விற்கலாம் என்ற நிலை விலையை உயர்த்தும். அதனால்தான் விலையை இன்னும் 5 ரூபா கூட்டச் சொல்லிக் கேட்பதைவிட, ஊரில் காயவிடும் தளமும் களஞ்சியமும் கேட்பது பயன் என்று கமக்காரர் அமைப்புக் கூட்டங்களில் சொல்லி வருகிறேன்.

அரிசிக்குக் கட்டுப்பாட்டு விலை போட்டவுடன அரிசியே காணாமப் போச்சு. பதுக்கல்தானே காரணம்?

பதுக்கலும் இருக்கலாம். ஆனால் ஆரும் பதுக்காவிட்டாலும் தட்டுப்பாடு வரும். 2024 டிசம்பரில் நாட்டரிசியின் உச்ச சில்லறை விலை கிலோ 230 ரூபா என்று வைத்தார்கள். ஒரு கிலோ அரிசிக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ நெல் வேண்டும். நெல்லை 150 ரூபாவுக்கு வாங்கிய ஆலைக்கு நெல் மட்டுமே 225. அவித்து, குற்றி, ஏற்றி 230 க்கு விற்க எவரும் முன்வரமாட்டார். உமியும் தவிடும் கொஞ்சம் ஈடுசெய்யும், முழுக்க அல்ல. அந்த நேரத்தில் அரிசி இறக்குமதிக்கு அனுமதி கொடுக்க வேண்டி வந்தது.

சந்தை விலைக்குக் கீழே விலையைக் கட்டினால் பொருளைப் பங்கிட வேறொரு முறை வந்தே தீரும். வரிசை வரும், தெரிந்தவருக்கு மட்டும் என்று வரும், அல்லது பங்கீட்டு அட்டை வரும். 2022 இல் பெற்றோலுக்கு மூன்றையும் பார்த்தோம். வாகனத்துக்கு வாரப் பங்கு வைத்த கியூஆர் முறை அந்த ஆகஸ்டில் நாடு முழுக்க வந்தபின் வரிசை சுருங்கியது. விலையும் ஏற்கனவே வெகுவாக ஏறியிருந்தது என்பதையும் மறக்கக் கூடாது. தட்டுப்பாட்டில் பங்கீடு செய்வது பிழை என்று நான் சொல்லவில்லை. ஒழுங்கான பங்கீடு இல்லாத கட்டுப்பாட்டு விலை பெரும்பாலும் வரிசையில் நிற்க நேரமில்லாத கூலிக்காரரைத்தான் வெறுங்கையோடு அனுப்பும்.

இரணைமடுத் தண்ணிக்கு விலை இல்லை. அப்ப ஆர் கூட எடுக்கிறது எண்டு எப்பிடித் தீருது?

கூட்டத்தில் தீர்கிறது. சிறுபோகத்துக்குக் குளத்தில் எவ்வளவு நீர் என்று பார்த்து, எத்தனை ஏக்கர் விதைக்கலாம், ஆருக்கு எவ்வளவு பங்கு என்று முடிவெடுக்கிறார்கள். விலையையோ அதிகாரியின் தடியையோ மட்டும் நம்பாமல், பாவிப்பவர்களே விதி வைத்துப் பொதுவளத்தைக் காக்கலாம் என்று காட்டியதற்காகத்தான் எலினோர் ஒஸ்ட்ரொம் 2009 இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றார். விதியை மீறுபவரை அயலவரே கண்டுபிடித்துத் தட்டிக்கேட்க முடிவது அதில் முக்கியம். வாய்க்கால் கடைசியில் வயல் உள்ளவரின் குரல் கூட்டத்தில் கேட்காவிட்டால் அந்த முறை பழுதாகும்.

மணலுக்கு இது நடக்கவில்லை. டிப்பர் மணலின் விலையில் ஏற்றுகூலியும் எண்ணெயும் இருக்கிறது, இடிந்த ஆற்றங்கரையும் உவரான கிணறும் இல்லை. அந்தச் செலவை வாங்குபவரும் விற்பவரும் கட்டாமல் மூன்றாம் ஆள் கட்டுகிறார்.

2009 இல பவுணைக் குடுத்துச் சாப்பாட்டுச் சாமான் வாங்கினம். தங்கம் எப்பிடிப் பெறுமதி இல்லாமப் போகும்?

போரின் கடைசி மாதங்களை நினைத்து இதை ஒரு தாய் கேட்டார். தண்ணீர் இல்லாமல் வாழ முடியாது, ஆனால் மலிவு, வைரம் இல்லாமல் வாழலாம், ஆனால் விலை என்ற புதிரை அடம் ஸ்மித் 1776 இல் எழுதினார். 1870 களில்தான் தெளிவான விடை வந்தது. ஒரு பொருளின் மொத்தப் பயன் விலையைத் தீர்மானிப்பதில்லை, கடைசியாகக் கிடைக்கும் ஓர் அலகின் பயனே தீர்மானிக்கிறது. அரிசி தாராளமாக உள்ள ஊரில் இன்னுமொரு கிலோ பெரிய விஷயம் இல்லை. அரிசியே இல்லாத இடத்தில் அந்த ஒரு கிலோ பிள்ளையின் உயிர். சங்கிலி வெளியே எவ்வளவு போனாலும், அதை வெளியே கொண்டுபோய் மாற்ற வழி இல்லாதபோது அது அந்த இடத்தில் பசியைத் தீர்க்காது.

விலை ஏறினால் சாமான் கூட வரும், அதனால் விலை திரும்ப இறங்கும் என்பது சந்தையைப் பற்றிய அடிப்படை நம்பிக்கை. அதற்குப் பாதை வேண்டும். பாதை அடைபட்ட இடத்தில் விலை ஒரு தானியத்தைக்கூட கூட்டிக் கொண்டுவராது, ஆரிடம் பவுண் இருக்கிறது என்று மட்டும் பார்த்துப் பங்கிடும். அங்கே வேண்டியிருந்தது சந்தை அல்ல, உணவு. வகுப்பில் இந்தப் பாடத்தை நான் வேகமாகக் கடப்பதில்லை.

முதலாளி விதைநெல்லும் உரமும் கடனாத் தாறார், வட்டியே இல்லை. இதில என்ன பிழை?

வட்டி இருக்கிறது, நெல் விலைக்குள் இருக்கிறது. ஐப்பசியில் 50,000 ரூபாச் சாமான் எடுத்து, மாசியில் அவரிடமே நெல் கொடுக்க ஒத்துக்கொண்டீர்கள் என்று வையுங்கள். வெளியில் போகும் விலையைவிடக் கிலோவுக்கு 8 ரூபா குறைத்து 2,500 கிலோ எடுக்கிறார். 20,000 ரூபா. 4 மாதத்தில் 40 வீத வட்டி. கரையில் வலைக்கும் இயந்திரத்துக்கும் கடன் கொடுத்துவிட்டு மீனை எடுப்பதும் இதே கணக்கு.

வாங்குபவர் ஒருவராக இருக்கும் சந்தையை ஜோன் ராபின்சன் 1933 இல் தனியாக எடுத்து ஆராய்ந்தார். இங்கே ஊரில் பத்து வியாபாரி இருந்தாலும் கடன் வாங்கியவருக்கு ஒருவர்தான். இருந்தும் அவரைத் திட்டி முடிப்பதில் பலனில்லை. காணி உறுதி கேட்காமல், வீடு தேடி வந்து, போகம் அழிந்தால் அடுத்த போகத்துக்குத் தள்ளிவைக்கிறார். அந்த வேலையைச் செய்ய வேறொருவர் வரும் வரை அவர் இருப்பார். இப்போதைக்கு, கடன் எடுக்கும் அன்றே மேலே உள்ளபடி ஒரு கடதாசியில் வட்டியைக் கணக்குப் பார்த்து, கூட்டுறவு, வங்கி, நகை அடகு ஆகியவற்றோடு ஒப்பிடுங்கள்.

போன வருசம் கச்சானுக்கு நல்ல விலை. இந்த முறை நானும் போடட்டா?

அயலில் எத்தனை பேர் இதே கேள்வியைக் கேட்கிறார்கள் என்று முதலில் விசாரியுங்கள். போன வருட விலையைப் பார்த்து எல்லாரும் போட்டால் வெட்டும் நேரம் விலை விழும். அதைப் பார்த்து எல்லாரும் விட்டால் அதற்கடுத்த வருடம் ஏறும். விதைப்பதற்கும் விற்பதற்கும் இடையில் மாதங்கள் இருப்பதால் வரும் ஊசலாட்டம் இது. விதைக் கச்சான் விற்பவரிடம் இந்த வருடம் வழமையைவிடக் கூட விற்றதா என்று கேட்டாலே பாதி விடை கிடைக்கும்.

எல்லாக் கமக்காரரும் சேர்ந்து, 130 க்குக் கீழ நெல்லுக் குடுக்கமாட்டம் எண்டு நிண்டா என்ன?

நிற்கலாம். முதல் வாரம் நிற்பார்கள். எல்லாரும் பிடித்து வைத்திருப்பதால் விலை ஏறத் தொடங்கும்போது, இரகசியமாக 125 க்குக் கொடுத்துக் காசாக்குவது ஒவ்வொருவருக்கும் தனித்தனியே இலாபம். கூட்டு உடைவது ஆசையால் மட்டும் அல்ல. அடகு மீட்கத் தவணை வந்தவர், இயந்திரக் கூலி கொடுக்காதவர், பிள்ளையைப் பல்கலைக்கழகம் அனுப்புகிறவர்தான் முதலில் கொடுக்க வேண்டி வரும். அவர்களைத் துரோகி என்பது அநியாயம்.

அதோடு வன்னி மட்டும் நின்றால் போதாது. ஆலைகளுக்கு அம்பாறை நெல்லும் பொலனறுவை நெல்லும் இருக்கின்றன. முழு நாடும் நின்றால் இறக்குமதி வரும்.

ஆனால் இதைவிடச் சின்னதாக ஒன்று செய்தால் நிற்கும். முப்பது நாற்பது பேர் ஒரே இன நெல்லை ஒன்றாகக் காயவைத்து, ஒரே களஞ்சியத்தில் வைத்து, தேவைப்பட்டவருக்கு நெல்லின் பெறுமதியில் பாதியை முற்பணமாகக் கொடுத்துவிட்டு, மிச்சத்தைச் சித்திரை வைகாசி வரை வைத்து லொறிக் கணக்கில் பேசி விற்பது. களஞ்சியத்தில் வைத்த நெல்லுக்கான பற்றுச்சீட்டை ஈடாக வைத்துக் கடன் தரும் முறை இலங்கையிலும் இருக்கிறது. வாடகை, எலி, நிறைக்குறைவு, முற்பணத்தின் வட்டி எல்லாவற்றையும் கழித்த பிறகும் விலை வித்தியாசம் மிஞ்சுமா என்று போகத்துக்கு முன்பே கணக்குப் பாருங்கள். சில வருடங்களில் மிஞ்சாது. அந்த வருடங்களில் பாதியை வெட்டியவுடனும் பாதியைப் பிறகும் விற்பது நல்லது.